அவருடைய பெயரிலேயே ஞானஸ்நானம் கொடுங்கள்: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியின் செயலர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் தோத்திரம்.

சென்ற மாதம் ஆலய அலுவலகத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் நான்கு பேர் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தீர்கள். ஆறு ஆண்டுகளாக நம் ஆராதனைக்கு வந்துகொண்டிருக்கும் அந்த அம்மாவுக்கு ஞானஸ்நான நாள் குறித்தாகிவிட்டது. அதன் பிறகு, ‘கிறிஸ்தவப் பெயர்’ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை அரசிதழிலும் பதிந்து கொண்டுவந்தால்தான் ஞானஸ்நானம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். அவருடைய பெயர் ஓர் அம்மனின் பெயர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் யாரென்று ஊருக்குக் காட்டிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆயத்த வகுப்பில் அவருக்குப் பாடம் சொன்னவன் என்பதால் அன்று நானும் உடன் வந்திருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் ‘பெயர்’ என்ற கட்டத்துக்கு எதிரே அவர் பேனாவை ஊன்றி, ஒவ்வோர் எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்தபின் விட்டுப்போன புள்ளியைத் தேடி வைத்தார். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அந்த அம்மாவுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான் என்பது கோடு போட்டவருக்குத் தெரிந்திருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில், வயல் வேலை முடிந்து வந்து, கைநாட்டு வைப்பதை விட வேண்டும் என்பதற்காகவே அவர் கற்றுக்கொண்ட சொல் அது. ரேஷன் கார்டிலும் வங்கிப் புத்தகத்திலும் விதவை உதவித்தொகை தாளிலும் இருப்பது அந்தக் கையெழுத்துதான். அலுவலகத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் உங்களைக் குறைசொல்லவில்லை. “இந்த வயசுல வேற பேரு எழுதக் கை வருமா சார்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

அவரை அவருடைய பெயரிலேயே ஞானஸ்நானம் பெற அனுமதியுங்கள். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர் மேல் எவ்வளவு சுமையை ஏற்றலாம் என்ற கேள்விக்குச் சபை தன் முதல் தலைமுறையிலேயே விடை சொல்லிவிட்டது. ஏறத்தாழ கி.பி. 49இல், யூதேயாவிலிருந்து அந்தியோகியாவுக்கு வந்த சிலர், யூதரின் உடல் அடையாளச் சடங்கான விருத்தசேதனத்தைச் செய்துகொள்ளாத, யூதரல்லாத புறஜாதியாருக்கு இரட்சிப்பில்லை என்று போதித்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆதியாகமம் 17ஆம் அதிகாரம் அவர்களுக்கு ஆதாரமாக இருந்தது. ஆபிரகாமின் உடன்படிக்கைக்கு அடையாளமாகத் தேவனே கொடுத்த கட்டளை அது. ஆபிராம் ஆபிரகாம் ஆனதும் அதே அதிகாரத்தில்தான் என்று நீங்கள் நினைவூட்டக்கூடும். அந்தப் பெயரை ஆபிரகாமுக்குக் கொடுத்தவர் தேவன். அதை எல்லோருக்கும் நிபந்தனையாக்கும்படி அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் வெளிப்படையான கட்டளையாக நிற்கும் விருத்தசேதனத்தையே புறஜாதியார் மேல் சுமத்தக்கூடாது என்று அப்போஸ்தலர் தீர்மானித்திருக்க, அங்கே கட்டளையாகவே இல்லாத ஒன்றை நாம் எந்த அதிகாரத்தால் சுமத்துகிறோம்?

எருசலேமில் கூடியவர்கள் நெடுநேரம் வாதாடினார்கள். பேதுரு எழுந்து, தோல் பதனிடும் சீமோனின் வீட்டு மேல்மாடியில் யோப்பாவில் தான் கண்ட தரிசனத்துக்குப் பிறகு, செசரியாவில் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கு அதிபதியின் வீட்டில் நடந்ததை மனதில் வைத்துப் பேசினார். அந்த வீட்டில் பேதுரு பிரசங்கத்தை முடிக்கும் முன்பே பரிசுத்த ஆவியானவர் இறங்கினார். இவர்களுக்குத் தண்ணீரை விலக்க யாரால் கூடும் என்பதுதான் பேதுருவின் வாயிலிருந்து வந்த கேள்வி. கொர்நேலியு என்பது ரோமக் குடும்பப் பெயர். அதை மாற்றச் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. நம் பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டதும் கூட்டம் அமைதியாகி, பர்னபாவும் பவுலும் சொன்னதைக் கேட்டது. கடைசியில் எருசலேம் சபையின் தலைவராக இருந்த யாக்கோபு தீர்ப்புச் சொன்னார். விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகிய நான்கை மட்டும் விலக்கச் சொல்லி, அதைக் கடிதமாக எழுதி, யூதா, சீலா என்ற இருவரின் கையில் அந்தியோகியாவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். வாசித்தவர்கள் அந்த ஆறுதலினால் மகிழ்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. நம் அலுவலகத்திலிருந்து வெளியே வந்த அம்மாவின் முகத்தில் அந்த மகிழ்ச்சியை நான் பார்க்கவில்லை.

அந்தச் சங்கத்தில் யாக்கோபு பேதுருவைச் ‘சிமியோன்’ என்றுதான் குறிப்பிட்டார். கர்த்தரே புதிய பெயர் கொடுத்த ஒருவரைக்கூட, வீட்டில் வைத்த பெயரால் அழைப்பதில் எருசலேமின் மூப்பர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

இனி உங்கள் கையிலிருக்கும் வேதாகமத்தில், பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். வாழ்த்துப் பட்டியல்தானே என்று நாம் வழக்கமாக வேகமாக வாசித்துவிட்டுப் போகும் பகுதி அது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளின் பெயர், கிரேக்கர் அப்பொல்லோ தேவனின் பாட்டியாகக் கருதிய தேவதையின் பெயர். நேரே என்பது கடல் தெய்வம் ஒன்றின் பெயர். எர்மே என்பதோ அவர்களுடைய தூதுத் தெய்வத்தின் பெயரேதான். நடபடிகள் 14இல் லீஸ்திரா ஊரார் பவுலை ‘மெர்க்கூரி’ என்று கூப்பிட்டு எருது பலியிட வந்தார்களே, அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இதே பெயர். நம் தமிழ் மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் மெர்க்கூரி என்றும் இன்னோரிடத்தில் எர்மே என்றும் வந்திருப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. அந்தத் தெய்வமாகத் தன்னை வணங்க வந்தபோது வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடித் தடுத்த பவுல், அதே பெயரைச் சுமந்த ரோமாபுரிச் சகோதரனுக்கு வாழ்த்து எழுதுகிறார். பெயரை மாற்று என்று எழுதவில்லை. விக்கிரக வழிபாடு வேறு, தாய் தகப்பன் கூப்பிட்ட பெயர் வேறு என்ற பகுத்தறிவு அவருக்கு இருந்தது.

எபேசுவில் தியானாளின் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்ட கூட்டத்தால் பவுலின் தோழர்கள் பிடிபட்டு இழுத்துச் செல்லப்பட்டார்கள். கிரேக்கத்தில் அந்தத் தேவதையின் பெயர் அர்த்தெமிஸ். பவுல் தன் உடன் ஊழியன் தீத்துவிடம் அனுப்புவதாகச் சொல்லும் ஊழியக்காரன் அர்த்தெமாவின் பெயர் அதிலிருந்து வந்தது. எப்பாப்பிரோதீத்துவின் பெயருக்குள் அப்ரோதீத்தே என்ற காமத் தேவதை இருக்கிறாள். அவனைத்தான் பவுல் என் சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன் என்று எழுதினார். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பேராயராக இருந்தவரின் பெயர் தியொனீசியு, அதாவது மதுத் தெய்வமான தியொனீசுக்கு உரியவன். இவர்களில் ஒருவர்கூட நம் படிவத்தை நிரப்பித் தேர்ச்சி பெற்றிருக்கமாட்டார்.

சவுல் பவுலாக மாறவில்லையா என்று அன்றே ஒரு பெரியவர் கேட்டார். தமஸ்குவில் ஞானஸ்நானம் பெற்றபின்பும் அவர் சவுலாகவே அந்தியோகியாவில் ஊழியம் செய்தார். சீப்புரு தீவில்தான் ‘பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்’ என்று லூக்கா முதல்முறை எழுதுகிறார். ஒரே மனிதருக்கு யூதப் பெயர் ஒன்றும் ரோமப் பெயர் ஒன்றும் இருந்தன என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்தது உண்மைதான். அவனுடைய தாய் யூத ஸ்திரீ. கிரேக்கனாகிய தீத்துவுக்கு அதை நிபந்தனையாகக் கேட்டபோது அதே பவுல் ஒரு நாழிகையும் இணங்கவில்லை. விரும்பிப் பெயர் மாற்றிக்கொள்கிறவர்களை நானும் தடுக்கவில்லை. கட்டாயப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. 1858இல் ஞானஸ்நானம் பெற்று, இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ணபிள்ளையை நாம் அந்தப் பெயரால்தானே இன்றும் கொண்டாடுகிறோம்?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எருசலேமில் தீர்மானம் போடுவதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் ஒதுங்கினார். பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே கண்டித்தார். நம் ஆலயத்திலும் புதிதாக வந்த குடும்பங்கள் இன்றுவரை கடைசி வரிசைகளில்தான் உட்காருகின்றன. அசனப் பண்டிகையில் அவர்களுக்கு எந்தப் பந்தியில் இலை விழுகிறது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வட மாநில மிஷனரிப் பணிக்கென்று ஆண்டுதோறும் காணிக்கை எடுக்கிறோம், அறிக்கை வாசிக்கிறோம். நம் வாசலுக்கு நடந்தே வந்த ஒருவரை அரசிதழைக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டு, தூரத்தில் இருப்பவர்களுக்காக எந்த முகத்தோடு ஜெபிப்பது? ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, இந்த விசுவாசம் பட்டணங்களில் மட்டுமல்லாமல் கிராமங்களுக்கும் பரவிவிட்டது என்று பேரரசர் திராயானுக்குக் கவலையோடு எழுதினார். எருசலேமின் மூப்பர்கள் அன்று நுகத்தை வைத்திருந்தால் அவர் அப்படி எழுத நேர்ந்திருக்காது.

கோபத்தில் அளவு மீறியிருந்தால் பெரியவர்களாகிய நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: அவரை அவருடைய பெயரிலேயே ஞானஸ்நானம் பெற அனுமதியுங்கள். வரும் கமிட்டிக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, படிவத்திலிருந்து ‘புதிய கிறிஸ்தவப் பெயர்’ என்ற கட்டத்தை எடுத்துவிடும்படியும், தீர்மானத்தை எழுத்தில் தரும்படியும் வேண்டுகிறேன். அந்த அம்மா கையெழுத்திட இன்னொரு வெற்றுப் படிவமும் தேவைப்படும். கோடு விழுந்த பழைய படிவம் என்னிடம் இருக்கிறது.

கர்த்தருக்குள் உங்கள்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியன்