குறியீட்டெண்ணோடு பிழையளவும் வரட்டும்

ஆசிரியருக்கு,

தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் அரைப் புள்ளி ஏறியதற்கு ‘விலைவாசி எகிறியது’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அது உண்மையான ஏற்றமா, எல்லாக் கடைகளிலும் கேட்காமல் சிலவற்றை மட்டும் மாதிரியாக எடுத்ததில் விளைந்த தடுமாற்றமா? மாதாந்திர அறிவிப்பில் திட்டப்பிழை (மாதிரியெடுப்பால் எண் எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவு) இடம்பெறாததால் உங்கள் செய்தியாளருக்கும் அதை அறிய வழியில்லை. அகவிலைப்படியோ இந்த எண்ணை நம்பித்தான் கணக்கிடப்படுகிறது.

2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இக்குறியீடு, நாடெங்கும் 88 மையங்களில் உள்ள 317 சந்தைகளின் விலைகளிலிருந்து உருவாகிறது. சேலமும் ஒரு மையம். செவ்வாய்ப்பேட்டையில் வேறு கடைகளில் விலை கேட்டிருந்தால் எண் சற்றே மாறியிருக்கும். எவ்வளவு மாறும் என்று மதிப்பிடப் பல முறைகள் உண்டு.

சிக்கலான கணக்கை நேர்கோட்டுக் கணக்காகத் தோராயமாக்கிப் பிழையைக் காணும் டெய்லர் சூத்திரம் கைக்கணக்குக் காலத்துக்கு ஏற்றது. குறியீட்டின் ஒவ்வொரு படிநிலைக்கும் தனியே எழுதுவது பெரும்பாடு. ஜாக்நைஃப் முறையில் ஒவ்வொரு சந்தையாக நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டு, விடைகளின் சிதறலைப் பார்க்கிறோம். நாடு முழுமைக்கும் இது நன்றாக வரும். விரல்விட்டு எண்ணக்கூடிய சந்தைகளே உள்ள ஒரு மையத்துக்கு மட்டும் பார்த்தால் மதிப்பீடு தள்ளாடும். கிடைத்த விலைகளிலிருந்தே திரும்பத் திரும்ப மறுதேர்வு செய்து கணக்கிடும் பூட்ஸ்ட்ராப்பில் வேறொரு கண்ணி உண்டு. தலைவாசல் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி வரத்துக் குறைந்தால் சேலத்துக் கடைகள் எல்லாவற்றிலும் விலை சேர்ந்தே ஏறும். விலைகளைத் தனித்தனியாகக் குலுக்கி மறுதேர்வு செய்தால் பிழை பொய்யாகச் சிறுத்துவிடும். மையத்தை முழுதாகத்தான் எடுக்க வேண்டும்.

என் ஓட்டு நம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸுக்கே. 1930களின் பிற்பகுதியில் வங்கத்துச் சணல் கணக்கெடுப்பில் அவர் கையாண்டது எளிய வழி: தொடக்கத்திலேயே தனித்தனித் துணை மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விடை காண்பது. விடைகளின் வேறுபாடே பிழையைக் காட்டிவிடும். இரண்டு துணை மாதிரிகள் போதா, நாலைந்தாவது வேண்டும். செலவு கூடும் என்பது உண்மைதான். இதே குடும்பத்தைச் சேர்ந்த, மாதிரியைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சமவாய்ப்புக் குழு முறையில் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை தன் குறியீட்டின் திட்டப்பிழையை வெளியிட்டுவருகிறது. வழிகாட்டிய நம் நாட்டில் அது காணோம்!

குறியீட்டின் பிழை வேறு, மாத மாற்றத்தின் பிழை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதந்தோறும் அதே கடைகளில் விலை கேட்பதால் மாற்றத்தின் பிழை பெரும்பாலும் சிறியது. ஆகவே உங்கள் தலைப்பு சரியாகவும் இருக்கலாம். அடுத்த எண் வெளியாகும்போது, மாற்றத்தின் திட்டப்பிழை எவ்வளவு என்று உங்கள் செய்தியாளர் அதிகாரிகளிடம் கேட்டு எழுதட்டும்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் விரிவுரையாளர்,
அம்மாப்பேட்டை, சேலம்.