கச்சேரிக்கும் படத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி நெருங்குகிறது. சபாக்கள் நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும் நேரம் இது. சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடப்பதும் டிசம்பரில்தான். சீசனை ஒட்டி, ஒரே அரங்கில் பகலில் படமும் மாலையில் பாட்டும் என்று நிரல் போடும் கலை மையங்கள் இருக்கின்றன. கச்சேரிக்கு வந்தவர் படம் பார்ப்பதும், படத்துக்கு வந்தவர் பாட்டுக்கு உட்காருவதும் நல்ல விஷயம். ஆனால் நிரலில் பிற்பகல் 2 மணிக்குப் படம், 4.30க்குக் கச்சேரி என்று போட்டுவிடுகிறார்கள். படம் இரண்டு மணி நேரம் ஓடினால் மிஞ்சுவது அரை மணி. அந்த அரை மணியில் என்னென்ன செய்ய முடியாது, செய்யாமல் விட்டால் என்னென்ன கெடும் என்பதை, அரங்குகளில் ஒலியும் திரையீடும் கவனிக்கும் நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டு அரங்கிடம் கேட்பதற்கு நேர்மாறானதைப் படம் கேட்கும். காலி அரங்கின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். சத்தம் அடங்க எத்தனை நேரம் ஆகிறது? குரல் தழைத்து நிற்க, தம்பூராவின் நாதம் சபையைச் சுற்றி வர, ஒன்றேகால் முதல் ஒன்றரை நொடி வரை முழக்கம், அதாவது சத்தம் நின்ற பிறகும் அரங்கில் அது தங்கி அடங்கும் நேரம், இருந்தால் சுகம். படத்தின் ஒலிப்பதிவில் அந்தக் காட்சிக்கு வேண்டிய முழக்கம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அரங்கும் தன் பங்குக்கு ஒன்றரை நொடி சேர்த்தால் வசனம் குழம்பிப்போகும். படத்துக்கு முக்கால் நொடி போதும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1890களில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யச் சொன்னபோது, வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து பரப்பி, ஒவ்வொரு முறையும் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அரங்கின் கன அடியை 0.049 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பின் சதுர அடியால் வகுத்தால் முழக்க நேரம் நொடியில் கிடைக்கும். 80 அடி நீளம், 50 அடி அகலம், 22 அடி உயரம் உள்ள அரங்கு 88,000 கன அடி. 1.4 நொடிக்கு 3,080 சதுர அடி உறிஞ்சும் பரப்பு வேண்டும். 0.8 நொடிக்கு 5,390. வித்தியாசம் 2,310 சதுர அடி. கனத்த வெல்வெட் திரைச்சீலை, சுவர் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு விட்டுத் தைத்தது, தான் மூடும் சுவர்ப் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் கணக்கில் சேர்க்கும். இரண்டு பக்கச் சுவர்களிலும் 80 அடி நீளம், 20 அடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் 2,240 வந்துவிடுகிறது. ஆக, தண்டவாளத்தில் ஓடும் பக்கவாட்டுத் திரைச்சீலைகள் இருந்தால் போதும். படத்துக்கு இழுத்து மூடுங்கள், கச்சேரிக்குத் திறந்துவிடுங்கள். சுவரை ஒட்டி மாட்டாமல் அரை அடி தள்ளி மாட்டினால் கீழ் ஸ்தாயி முழக்கமும் கொஞ்சம் அடங்கும். நிரந்தரமாகச் சுவரில் பஞ்சுப் பலகை ஒட்டிய அரங்குகளில் பாடகர் தொண்டையை வருத்திக்கொள்வதற்குக் காரணம் முழக்கம் போதாததுதான். தன் குரல் திரும்பி வராததால் இன்னும் இன்னும் கொடுக்கிறார்.

அடுத்தது குளிர்சாதனம். படத்துக்கு ஆள் நிறைந்திருப்பதால் நன்றாகக் குளிர வைத்திருப்பார்கள். வெளியே டிசம்பர் மாத ஈரக் காற்றிலிருந்து மிருதங்கம் அந்தக் குளிருக்குள் வருகிறது. வறண்ட குளிர்காற்றில் தோல் இறுகிச் சுருதி ஏறும். தொப்பி என்னும் இடப்பக்கத் தோலில் அப்பிய ரவை காய்ந்து, அதில் எழும் கும்கி நாதம் தன் கனத்தை இழக்கும். வித்வான் கல்லையும் கட்டையையும் எடுத்து வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சேர்த்து முடிக்கும்போது தோல் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். கஞ்சிராவுக்கு உள்பக்கம் தடவிய தண்ணீர் இரண்டு உருப்படிக்குள் உலர்ந்துவிடும். தம்பூராவிலோ, குதிரையின் மேல் நரம்புக்கு அடியில் செருகிய நூல் மயிரிழை நகர்ந்தால்கூட ஜீவன் போய்விடும். சுருதியில் நரம்பு இளகினாலும் ஏறினாலும் அந்த நூலை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். வாத்தியங்கள் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே மேடையில், உறையிலிருந்து எடுத்து, இருக்க வேண்டும். குளிரை 25 டிகிரியில் நிறுத்தி, மேடையை நோக்கிய காற்று வாயை மூடிவிட வேண்டும். வீணையானால் விளக்குச் சூட்டையும் பார்க்க வேண்டும். பழைய ஹாலஜன் விளக்கு நேராக விழுந்தால் மெழுகு இளகி, அதில் பதித்த உலோக மெட்டுகள் நகரும்.

மைக் விஷயத்துக்கு வருகிறோம். சீசனில் ரசிகர்கள் அதிகம் நொந்துகொள்வது சத்தத்தைப் பற்றித்தான். அந்தச் சத்தம் பெரும்பாலும் அவசரத்தில் பிறக்கிறது. ஒலிச் சோதனைக்கு நேரமில்லாமல் கச்சேரி தொடங்கினால், வர்ணம் முடிவதற்குள் பாடகர் விரலை மேலே காட்டி மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கரை, ஏற்றச் சொல்கிறார். பாட்டு ஏறியதும் வயலினுக்குத் தன் வாத்தியம் கேட்காது. அதையும் ஏற்றினால் மிருதங்கம் கேட்கும். மூன்றும் ஏறிய மேடைச் சத்தம் மைக்குகளுக்குள் புகுந்து சபைக்கு வருகிறது. அதற்கு மேல் பாட்டு தெளிவாக நிற்க வேண்டும் என்று பிரதான ஸ்பீக்கரையும் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஆம்ப்ளிஃபயரின் வேலை இரட்டிப்பாகிறது. கடைசியில் ஊளை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மானிட்டர் எதுவும் இல்லாமல், மைக்கே இல்லாமல், எல்லோரும் ஒரு கிருதியின் பல்லவியை வாசிக்கட்டும். ஒருவருக்கொருவர் எவ்வளவு கேட்கிறது என்று அவர்களுக்கே தெரியும். பல நேரம் உட்காரும் இடைவெளியை ஓர் அடி குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிறகு பாடகருக்கு மட்டும், தேவைப்பட்ட அளவு.

பாடகரின் மைக் வாயிலிருந்து அரை அடி, வாய்க்குச் சற்றுக் கீழே. இரண்டு அங்குலத்துக்கு வந்துவிட்டால் கீழ் ஸ்தாயி ஊதிப்போய் மந்திரப் பஞ்சமம் உறுமலாகக் கேட்கும். மானிட்டர் ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பது மைக்கின் வகையைப் பொறுத்தது. முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது மந்தம், ஸ்பீக்கரை அங்கே வையுங்கள். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம் கொஞ்சம் கேட்கும். அதன் மந்தமான திசை பின்பக்கவாட்டில், முன்புறத்திலிருந்து 125 டிகிரி அளவில் இருக்கிறது. வாடகைக்கு வந்த மைக்கைப் பார்க்காமல் நேற்று வைத்த இடத்திலேயே ஸ்பீக்கரை வைத்துவிட்டு, ஏன் கத்துகிறது என்று தேடுவது வீண். இன்னொன்று, மிருதங்க வித்வான் இடது கைக்காரரா என்று முன்பே கேட்டு வையுங்கள். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக அவரும் வயலினும் இடம் மாறி உட்காருவார்கள். மைக், வயர், மிக்ஸரில் ஒட்டிய பெயர்ச் சீட்டு எல்லாம் மாறும்.

இனி படம். 20 அடி அகலத் திரை, 16க்கு 9 விகிதத்தில் 11¼ அடி உயரம், மொத்தம் 225 சதுர அடி. திரையரங்கு வெளிச்சத்துக்கான தரம் 14 அடி-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்துக்கான அளவு). சாதாரண வெள்ளைத் திரைக்கு 225ஐ 14 ஆல் பெருக்கினால், புரொஜெக்டரிலிருந்து 3,150 லூமன் ஒளி திரையில் விழ வேண்டும். புரொஜெக்டர் பெட்டியில் 4,000 என்று போட்டிருந்தால், நிறம் சரியாக இருக்கும் அமைப்பில் அது வெகுவாகக் குறையும். விளக்கு பழசானால் இன்னும் பாதியாகும். இரவுக் காட்சியில் முகமே தெரியாமல் போவது ஒளிப்பதிவாளரின் குற்றமல்ல. வெளிச்சம் போதவில்லையென்றால் திரையைச் சிறிதாக்குங்கள். 16 அடி அகலம் என்றால் 144 சதுர அடி, 2,016 லூமனில் முடிந்துவிடும். அவசரக் கதவு விளக்கு தவிர மற்ற எல்லா வெளிச்சத்தையும் அணைக்க வேண்டும். மேடைத் தரை பளபளப்பாக இருந்தால் கறுப்புத் துணி விரியுங்கள்.

சமதளத் தரையுள்ள அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் தலை உச்சி நாலேகால் அடிக்கு வரும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 5 அடிக்கு மேல் இல்லாவிட்டால் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் சப்டைட்டில் தெரியாது. ஈரானியப் படத்தையோ வங்காளப் படத்தையோ போட்டுவிட்டு அதன் கீழ்வரியை மறைப்பது, படத்தையே மறைப்பதற்குச் சமம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டகம் 1.37க்கு 1. அதை அகலத் திரை நிறைய இழுத்தால் முகங்கள் உப்பும், மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். பக்கவாட்டில் கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

சுருதி தெரிந்த சபைக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். படம் நொடிக்கு 24 சட்டகம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழக்கில் இருந்த பால் (PAL) தொலைக்காட்சி முறை டிவிடியில் 25. அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிகிறது, பாட்டும் ஏறுகிறது. கட்டை என்னும் சுருதி அளவில், ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையை நோக்கி ஏறத்தாழ முக்கால் தூரம் போய் நிற்கும். எந்தக் கட்டையும் இல்லாத அந்தச் சுருதியில் பழைய பாட்டைக் கேட்கும்போது, என்னவென்று சொல்லத் தெரியாமல் காது உறுத்தும். படத்தின் உண்மையான நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இயக்கும் மென்பொருளில் வேகத்தை 96 விழுக்காடாக வைத்து, சுருதியைத் தானாக ஈடுகட்டும் வசதியை அணைத்துவிட்டால் பாட்டு தன் இடத்துக்கு வந்துவிடும். கடையில் வாங்கிய டிவிடி வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே என்பதையும், பொதுத் திரையீட்டுக்கு உரிமையாளரின் அனுமதி தனியாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திரையரங்குகளுக்கான டிஜிட்டல் கோப்பான டிசிபி வடிவத்தில் படம் வந்தால் இன்னும் முன்னேற்பாடு தேவை. 150 ஜிபி கோப்பு பழைய யுஎஸ்பி வழியாகச் சர்வரில் ஏற ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். பூட்டிய படமானால் அதைத் திறக்கும் டிஜிட்டல் திறவுகோல் ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டும் செல்லும். வாடகைக்காரர் கடைசி நேரத்தில் வேறு சர்வரை அனுப்பினால் படம் திறக்காது. சர்வரின் எண்ணை உறுதிசெய்த பிறகே திறவுகோல் கேளுங்கள். முந்தின நாளிலிருந்தே செல்லும்படி கேட்டு வாங்கி, முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் ஓட்டிப் பாருங்கள்.

படம் முடிந்து சபை வெளியேறப் பதினைந்து நிமிடம். திரையையும் அதன் பின்னால் நிற்கும் வசன ஸ்பீக்கரையும் இறக்கிப் பத்திரப்படுத்த அரை மணி. பக்கத் திரைச்சீலை, ஜமுக்காளம், விளக்கு, மைக், வயர் இன்னொரு அரை மணி. ஒலிச் சோதனை முக்கால் மணி. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அரங்க வாடகை மணிக்கணக்கில் ஏறுவதால் அமைப்பாளர்களின் சங்கடம் எங்களுக்குப் புரிகிறது. நாளுக்கு மூன்று நிகழ்ச்சியை இரண்டாக்குவதுதான் வழி. காலை 10க்குப் படம், மாலை 6க்குக் கச்சேரி என்று வைத்தால் நடுவில் வாத்தியங்களும் ஆட்களும் நிதானமாக வரலாம்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். இன்றைய நிகழ்ச்சிகள் பகுதியில் படத்தின் பெயரோடு அதன் நீளம், சப்டைட்டில் மொழி, திரையிடும் வடிவம் ஆகியவற்றையும், கச்சேரிக்கு மைக் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். அமைப்பாளர்களிடம் இந்த நான்கையும் கேட்டால், பதில் எழுதுவதற்காகவாவது அவர்கள் முன்கூட்டியே பார்த்து வைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒலியமைப்பு, திரையீட்டுப் பணியாளர்கள் சிலர்,
மயிலாப்பூர், சென்னை