கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்

கொங்கு மண்டல அரசு மருத்துவமனைகளின் தோல் மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். வயது 41. ஒன்பது ஆண்டுகளாகச் சொரியாசிஸ், தோலில் செதில் செதிலாகப் படை படரும் நோய். நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் எங்களிடம் கேட்காத ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல்.

சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. புறநோயாளிகள் பிரிவில் ஒரே மேசை. மருத்துவர், பயிற்சி மருத்துவர்கள் மூவர், செவிலியர், என்னோடு நான்கைந்து நோயாளிகள். கதவு திறந்தே கிடந்தது. எனக்கு அடுத்து நின்றவர் எங்கள் ஊர்க்காரர், எனக்கு மாமனார் முறை. வேட்டிக்குள்ளும் படை இருக்கிறது, மனைவியோடு சேர முடியவில்லை. இந்த இரண்டையும் அன்று சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். “வேறு எங்காவது இருக்கிறதா?” என்று மருத்துவர் சீட்டைப் பார்த்தபடி கேட்டார். முதுகுக்குப் பின்னால் மாமனார் இருமினார். “இல்லைங்க” என்றேன். பழைய களிம்பையே எழுதிக் கொடுத்தார்.

முழங்கைக்கும் முழங்காலுக்கும் கொடுத்த களிம்பு அது. அதைத்தான் தொடை இடுக்கிலும் உறுப்பிலும் தடவிக்கொண்டிருந்தேன். வீரியமான ஸ்டீராய்டு மெல்லிய தோலை மேலும் மெலியச் செய்துவிடும் என்று தறிக்காரனுக்கு யார் சொல்வது?

நீங்கள் கேட்காததை, விடுதி அறையில் மாதம் ஒருமுறை முகாம் போடும் வைத்தியர் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, அரை மணி நேரம் கேட்டார். சிறுவயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று சொல்லி, லேகியத்துக்கு 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது பொய். ஆனால் நான் வாய்விட்டு அழுதது அவர் முன்னால்தான். இது உங்களை உறுத்த வேண்டும்.

ஆடியில் வேறோர் ஊர் மருத்துவர் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. இந்த நோயின் அழற்சி தோலோடு நிற்பதில்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவர் வரை போகிறது. எங்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. விறைப்புக் குறைபாடும் அப்படியே. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை என்பதால், பின்னால் இதயத்துக்கு வரவிருக்கும் அடைப்பு சிலருக்கு முதலில் இங்கேதான் தெரிகிறதாம். அப்படியானால் நீங்கள் கேட்காமல் விடுவது எங்கள் படுக்கையறை விஷயத்தை மட்டுமல்ல, உயிர் விஷயத்தையும்தான். உலக சுகாதார சபை 2014-இலேயே சொரியாசிஸைக் கடுமையான தொற்றா நோய் என்று தீர்மானத்தில் எழுதிவிட்டது. எங்கள் சீட்டில் இன்னும் ‘படை’, ‘களிம்பு’ என்ற இரண்டு சொற்கள்தான்.

வாசலில் உள்ள பலகையையும் சொல்லிவிடுகிறேன். ‘தோல் மற்றும் பால்வினை நோய்கள்’ என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்திருப்பவனை ஊர் எப்படிப் பார்க்கும்? சொரியாசிஸ் தொட்டாலும் ஒட்டாது, கூடிப் படுத்தாலும் ஒட்டாது. இதை என் மனைவிக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஓராண்டுக் காலம் அவள் பிள்ளையை என் பாயில் படுக்க விடவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பலகையைப் படித்தவள் வேறென்ன நினைப்பாள்?

தறியிலும் சாயப்பட்டறையிலும் கோழிப் பண்ணையிலும் உழைக்கிறவன் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் உங்கள் வரிசையில் வந்து நிற்கிறான். ஏழை என்றால் மானம் இருக்காது என்று இந்த நாட்டில் யார் முடிவு செய்தார்கள்? ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் எல்லாவற்றையும் நாலு பேர் காதில் விழத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை நானும் பார்க்கிறேன். சென்ற வாரம் அதே அறையில் 25 வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவன், நான் சொன்ன அதே “இல்லைங்க”வைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போனான். அவனும் அந்த விடுதி அறைக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒரு தனி அறை ஒதுக்குங்கள். திரைச்சீலை போதாது, கதவு வேண்டும். சொரியாசிஸ் உள்ள ஒவ்வோர் ஆணிடமும் அந்தரங்க உறுப்பில் படை இருக்கிறதா, தாம்பத்தியத்தில் சிரமம் இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எழுதுவதற்கு முன்னால், குழந்தைக்கு முயல்கிறீர்களா என்றும் கேளுங்கள். விரும்பினால் மனைவியையும் அழைத்து, ஒட்டாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன், ஐயா. என் மனைவியும் வருகிறாள்.

இப்படிக்கு,
சோமனூர்ப் பக்கத்து விசைத்தறித் தொழிலாளி