மேல்தள வெப்பம்: மொட்டைமாடிச் சாவி கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
நான்காம் மாடி எட்டு வீட்டுக் குடியிருப்போர்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்.

பொருள்: மேல்தள வீடுகளில் தாங்க முடியாத இரவு வெப்பம் – மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிடவும், தளத்தில் தட்டோடு பதித்துத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தை, மாசி, பங்குனி மாதங்களில் நேரில் அளித்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பைத் தாங்கள் அறிவீர்கள். பங்குனியில் பார்வையிட வந்தபோது மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேலேயும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு இறங்கினீர்கள். அன்று தாங்கள் ஏறாமல் விட்ட பதினெட்டுப் படிகளுக்கு மேலேதான் நாங்கள் இருக்கிறோம்.

1. எங்கள் தலைக்கு மேல் இருப்பது வெறும் கான்கிரீட் தளம். அதன்மேல் முன்பு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் தட்டோடு பதித்திருந்தது. ஒழுகலைச் சரிசெய்ய வந்தவர்கள் அதைப் பெயர்த்துவிட்டுக் கறுப்புத் தார்ஷீட்டை ஒட்டிப் போனார்கள். ஒழுகல் நின்றது, உண்மை. ஆனால் சித்திரை வெயிலைக் கறுப்பு எப்படிக் குடிக்கும் என்று பொறியாளரான தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

2. பகலைப் பற்றி நாங்கள் புகார் சொல்லவில்லை. பகலில் வேலைக்குப் போய்விடுகிறோம், இல்லையென்றால் மாடிப்படி நிழலில் உட்கார்ந்துகொள்கிறோம். எங்களைக் கொல்வது இரவு. நாளெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் இறக்குகிறது. இரவு பதினொரு மணிக்கு நாற்காலி போட்டு ஏறி மேற்கூரையைத் தொட்டால் கை சுடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் வாரிக் கீழே கொட்டுகிறது. சன்னல் ஒரே பக்கம், எதிர்ச்சுவர் எட்டடியில். காற்று நுழைந்தாலும் வெளியேற வழியில்லை. எங்களில் நான்கு பெண்கள் இரண்டரை மணிக்கு எழுந்து துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கப் போகிறவர்கள். எழுந்து என்று எழுதியது பிழை, தூங்கினால்தானே எழுவதற்கு. கடைசி வீட்டில் பிறந்து நாற்பது நாளான குழந்தை இருக்கிறது. கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, அழுது அழுது குரல் கம்மிவிட்டது. அதன் தாய் ஈரத்துணியைச் சன்னலில் தொங்கவிட்டாள். அறைக்குள் ஈரம் கூடியதுதான் மிச்சம்.

3. "திருச்சியில் இதைவிட வெயில் அதிகம், அங்கே மனிதர்கள் இல்லையா?" என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். இருக்கிறார்கள். அங்கே காற்று உலர்ந்தது. வியர்வை காயும், காயும்போது உடம்பு குளிரும். இங்கே கடலின் ஈரம் காற்றிலேயே நிற்கிறது. வியர்வை காய்வதில்லை, வழிகிறது. மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும் நாள்களில் கடல்காற்றும் நேரங்கழித்தே வருகிறது. வெப்பமானியில் 38 டிகிரி என்றால் எங்கள் உடம்பில் அது 38 அல்ல.

4. எட்டு வீட்டுக்கும் ஏசி வாங்கித் தரக் கேட்கவில்லை. பாயை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் படுக்கத்தான் கேட்கிறோம். மொட்டைமாடியில் தெற்குக் காற்று உண்டு. வானம் திறந்திருப்பதால் உடம்புச் சூடு தணியும். ஆனால் யாரோ தண்ணீர்த்தொட்டி மூடியை உடைத்தார்கள் என்று மூன்று ஆண்டுகளாகக் கதவு பூட்டியே கிடக்கிறது. சாவி பம்ப் ஆபரேட்டரிடம். அவர் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறார். குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்கிறீர்கள். கைப்பிடிச்சுவர் மார்பளவு இருக்கிறது ஐயா. போதாதென்றால் பெரியவர்கள் முறைவைத்துக் காவல் இருக்கிறோம், பதிவேட்டில் கையெழுத்தும் போடுகிறோம். 2003 மே மாதக் கடைசியில் சென்னை 45 டிகிரியைத் தொட்டபோது நாங்கள் கரையோரம் ஓலைக்குடிசையில் இருந்தோம். அன்றும் இரவில் மணலில் போய்ப் படுத்தோம், தூங்கினோம். வீடு கொடுத்தீர்கள், நன்றி மறக்கவில்லை. தூக்கத்தை எதற்காகப் பூட்டி வைத்தீர்கள்?

5. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். செத்தால் கொடுக்க ஆணை இருக்கிறது. உயிரோடு இருப்பவன் உறங்க ஒரு சாவி கொடுக்க ஆணை வேண்டுமா?

6. சாவி. அதைத்தான் மூன்று மனுவிலும் கேட்டோம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. தார்ஷீட்டின் மேல் வெள்ளை ஓடு பதிக்க நிதி வரும்வரை காத்திருக்கிறோம். வெள்ளையடித்தால் போதும் என்பார்கள். இங்கே லாரிப் புகையும் தூசியும் படிந்து சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடும், ஓடு என்றால் நாங்களே கழுவிக்கொள்வோம். ஆனால் கதவுக்கு நிதி தேவையில்லை. இந்த அக்னி நட்சத்திரம் முடிவதற்குள்ளாவது திறந்துவிட ஆணையிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்காம் மாடிக் குடியிருப்போர்
(எட்டு கையொப்பங்கள், மூன்று கைநாட்டுகள்)

குறிப்பு: பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கிறது. சாவி திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பவும்.