குஞ்சு மீனின் வாயளவு

ஆசிரியருக்கு வணக்கம்.

கடல் மீனில் பிளாஸ்டிக் துகள்கள் சேர்வது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைத்தான் சுற்றி வருகிறது: மீன் சாப்பிடுபவருக்கு ஆபத்து உண்டா? நியாயமான கேள்விதான். வளர்ந்த மீனில் துகள்கள் பெரும்பாலும் குடலில் தங்குகின்றன, குடலை நீக்கித்தான் சமைக்கிறோம், முழுசாகச் சாப்பிடும் சிறு மீன்களிலும் சிப்பிகளிலும்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று கட்டுரையாளர் சரியாகவே சொல்கிறார். என் குறை வேறு. தட்டுக்கு வரும் மீனைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், வளர்வதற்கு முன்பே கடலில் முடிந்துபோகும் குஞ்சுகளைப் பற்றி யார் பேசுவது?

நான் மீன் குஞ்சு பொரிப்பகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். அங்கே எல்லோரும் அதிகம் கவலைப்படுவது குஞ்சு முதல்முறை இரை எடுக்கும் நாட்களைப் பற்றித்தான். முட்டையிலிருந்து வெளியே வரும்போது அதன் வயிற்றில் மஞ்சள்கருப் பை ஒட்டியிருக்கும். சில நாளில் அது கரைந்துவிடும். அதற்குள் குஞ்சு தானாக இரை பிடிக்கப் பழகிவிட வேண்டும். முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரைக் கொடுப்போம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ இருக்கும். வாய் கொஞ்சம் பெரிதானதும் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீர்ச் சிற்றிறால். வாய்க்கு அடங்காததைக் குஞ்சு எடுக்காது. வாய்க்கு அடங்கி, கண்ணில் பட்டு, நீரோடு லேசாக அசைந்தால் பாய்ந்து கவ்விவிடும். கடலில் இந்த இரையின் இடத்தில் இருப்பவை கோப்பிபாட் போன்ற மிகச் சிறிய மிதவை உயிர்களின் குஞ்சுகள். ஒரு வருடத்தில் எவ்வளவு மீன் வளர்ந்து வரும் என்பதை இந்த முதல் இரை நாட்களே தீர்மானிக்கலாம் என்று நார்வே விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914-லேயே எழுதினார். அவர் காலத்துக் கடலில் பிளாஸ்டிக் கிடையாது.

கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட படம், 2021-ல் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய வெள்ளை பிளாஸ்டிக் குருணைகள். மனதை உலுக்கும் படம். ஆனால் அந்தக் குருணை ஒன்று சில மில்லிமீட்டர் இருக்கும். பொரித்த குஞ்சின் மொத்த நீளமே பல நேரம் அவ்வளவுதான். குஞ்சின் வாய்க்குள் போவது படத்தில் விழாத வேறொன்று: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, மெல்லிய பிளாஸ்டிக் இழை.

இங்கிலாந்தில் பிளைமவுத்துக்கு வெளியே உள்ள கடலில் பிடித்த 347 மீன் குஞ்சுகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு முடிவு வெளியானது. 2.9 சதவீதக் குஞ்சுகளின் வயிற்றில் நுண்துகள்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீல இழைகள். கரையை விட்டு விலக விலக நீரில் துகள்களும் குறைந்தன, விழுங்கிய குஞ்சுகளும் குறைந்தன. இதை மட்டும் படித்தால், பரவாயில்லை, கரையோரத்துப் பிரச்சினைதான் என்று தோன்றும். 2019-ல் ஹவாய்த் தீவுகளுக்கு அருகே செய்த ஆய்வைச் சேர்த்துப் படித்தால் அந்த நிம்மதி போய்விடும். கடல் மேற்பரப்பில் நீரோட்டங்கள் கூடும் இடங்களில் வழவழப்பான நீண்ட பட்டைகள் தெரியும். அங்கே மிதவை உயிர்கள் சேரும், அவற்றைத் தின்னக் குஞ்சுகள் சேரும். ஆய்வு செய்த பரப்பில் இந்தப் பட்டைகள் 8.3 சதவீதம்தான். ஆனால் மேற்பரப்புக் குஞ்சுகளில் 42.3 சதவீதமும், மிதக்கும் பிளாஸ்டிக்கில் 91.8 சதவீதமும் அங்கேதான் இருந்தன. அங்கே நீரில் ஒரு குஞ்சு இருந்தால் ஏழு துண்டு பிளாஸ்டிக் இருந்தது. அந்தப் பட்டைகளில் பிடித்த குஞ்சுகளில் 8.6 சதவீதம் பிளாஸ்டிக்கை விழுங்கியிருந்தன. பறவைக்கோலாவின் குஞ்சும் வாள்மீனின் குஞ்சும் அவற்றில் அடக்கம். இரையைக் கொண்டுவந்து சேர்க்கும் அதே நீரோட்டம்தான் பிளாஸ்டிக்கையும் சேர்க்கிறது. குஞ்சு ஒதுங்கிப்போக வேறு இடம் இல்லை.

நூற்றுக்கு மூன்று, நூற்றுக்கு ஒன்பது என்பதெல்லாம் சின்ன எண்கள்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று அவர்கள் யோசிக்க வேண்டும். வலையில் சிக்குவது அந்த நேரத்தில் உயிரோடு இருந்த குஞ்சு. இழை அடைத்து, பசியில் தளர்ந்து, ஏற்கெனவே வேறொன்றுக்கு இரையாகிவிட்ட குஞ்சு எந்தக் கணக்கிலும் வராது. தவிர, அது ஒரு நொடியின் கணக்கு. காலையில் விழுங்கி மாலைக்குள் வெளியேற்றியதும் அதில் இல்லை. வளர்ந்த மீன் ஒரு வேளை வயிறு ஏமாந்தால் தாங்கிக்கொள்ளும். மஞ்சள்கரு தீர்ந்த குஞ்சிடம் சேமிப்பே கிடையாது.

அப்புறம், ஒரு திருத்தம். மீன் குஞ்சுகள் இயற்கை இரையை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கையே விரும்பித் தின்கின்றன என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. பெர்ச் என்ற மீனின் குஞ்சுகளை வைத்து 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது அது. அந்த ஆய்வுக் கட்டுரை 2017-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வில் முறைகேடு நடந்தது என்று அந்த ஆய்வாளர்கள் வேலை பார்த்த ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகமே அந்த வருடக் கடைசியில் அறிவித்தது. தயவுசெய்து அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுங்கள். விரும்பித் தின்கிறது என்று காட்ட வேண்டிய அவசியமே இல்லை. இரை என்று ஏமாந்து விழுங்குகிறது என்பதற்கு நேர்மையான சான்றுகள் போதுமான அளவு இருக்கின்றன. பொய்யான ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த விஷயத்தையும் தள்ளிவிடக் காத்திருப்பவர்களுக்கு நாமே அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

இந்த இழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கும் கட்டுரையில் இடமில்லை. கடற்கரையில் கிடக்கும் பாட்டிலும் பையும் வெயிலில் நொறுங்கித் துகளாவது உண்மை. ஆனால் இழைகளில் பெரும்பங்கு துணியிலிருந்தும் வலை, கயிற்றிலிருந்தும் வருகிறது. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் இழைத் துணியை ஆறு கிலோ ஒரு தடவை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் உதிரலாம் என்று பிளைமவுத் பல்கலைக்கழகம் 2016-ல் கணக்கிட்டது. சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் பெரும்பகுதி அங்கே நின்றுவிடும். இல்லாத ஊர்களின் கழிவுநீர் அப்படியே முகத்துவாரத்துக்குப் போகிறது, பல மீன்களின் குஞ்சுகள் வளரும் அதே முகத்துவாரத்துக்கு. கடற்கரையில் குப்பை பொறுக்குவது நல்ல வேலை, நானும் போவேன். ஆனால் இழையைக் கையால் பொறுக்க முடியாது. அதைத் துவைக்கும் இயந்திரத்திலும், துணி ஆலையிலும், கழிவுநீர் வாய்க்காலிலும்தான் நிறுத்த முடியும்.

பிளாஸ்டிக் மாசைத் தடுக்கும் உலக ஒப்பந்தத்துக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் உடன்பாடு இல்லாமலே கலைந்தன. அதற்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. மீன் வளத்தைக் கணக்கெடுக்கப் போகும் கப்பல்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணுகின்றன. அதே மாதிரியில் இழைகளையும் எண்ணலாம். குஞ்சு பொரிக்கும் பருவத்தில், குஞ்சு இருக்கும் இடத்தில் எண்ண வேண்டும். வழக்கமான வலைக்கண்ணில் மெல்லிய இழைகள் நழுவிவிடும் என்பதால் நீரை அப்படியே அள்ளியும் பார்க்க வேண்டும். நீல இழை எல்லாம் பிளாஸ்டிக் அல்ல, சாயம் போட்ட பருத்தியாகவும் இருக்கலாம். ஆய்வாளரின் சட்டையிலிருந்து உதிர்ந்ததாகவும் இருக்கலாம். எனவே ஒவ்வொன்றையும் சோதித்து உறுதி செய்த கணக்குத்தான் வேண்டும்.

அடுத்து இந்த விஷயத்தில் கட்டுரை வெளியிடும்போது, மீன் குஞ்சுகளையே ஆராயும் ஒருவரிடம் எழுதி வாங்குங்கள். படமும் நுண்ணோக்கியில் எடுத்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்