வட கரையில் கச்சான் வீசிய அன்று

அக்கா,

நாளை மறுநாளோடு ஓராண்டு ஆகிறது. எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அனுப்பிய இரண்டு கடிதங்களும் பிரிக்கப்படாமலே அம்மா வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. அழைத்தால் மணி அடிப்பதே இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற எதையும் நீ படிக்காமல் விட்டதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வேறு பலரும் படிப்பார்கள். மாமாவுடன் வேலை பார்ப்பவர்கள், நம் பங்காளி வீட்டார், யாரென்றே தெரியாதவர்கள். ஆகவே சில இடங்களில் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். உன் மகனுடைய பெயரையும் எழுத மாட்டேன். நாளைக்கு அவன் வகுப்பில் யாரும் இதைக் காட்டி அவனை எதுவும் சொல்லிவிடக் கூடாது.

ராமேஸ்வரத்துக் கடலில் நடந்தது உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த லைஃப் ஜாக்கெட்.

அன்று அங்கே சிறுவர் அளவில் ஒன்றுதான் இருந்தது. அதை என் மகளுக்குப் போட்டேன். ஐந்து வயதுக்காரிக்கா, எட்டு வயதுக்காரனுக்கா என்று யோசித்துச் செய்ததாக இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்கவே இல்லை அக்கா. கை தானாக அவள் பக்கம் போனது. அவனுக்குக் கிடைத்தது பெரியவர்களுடைய ஜாக்கெட்டில் சிறியது. படகுக்காரப் பையன் அதன் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தான். அளவு சரியா என்று பார்க்கும் முறையே அதுதான். தூக்கினால் ஜாக்கெட் அசையக் கூடாது. அது அவன் காதுவரை ஏறியது. பையன் என்னைப் பார்த்தான். ‘பரவாயில்லை, வாரை இழுத்துக் கட்டு’ என்று சொன்னது நான்தான். தொடைக்கு நடுவே போட்டுக் கட்டும் பட்டையும் அதில் இல்லை. இருந்திருந்தால் ஏறியிருக்காது.

ஓராண்டாக எல்லாரிடமும் காற்றைத்தான் குற்றம் சொன்னேன். காற்றும் உண்மைதான். வட கரையைப் பெண் கடல் என்றும் தென் கரையை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். மே மாதத்தில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது தென் பக்கம் கொந்தளிக்கும், வட பக்கம் குளம் மாதிரி கிடக்கும். குளம் மாதிரி கிடப்பதற்குக் காரணம் காற்று இல்லாததல்ல. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது, கரையோரத்தில் அலை எழுப்ப அதற்கு இடமில்லை, அவ்வளவுதான். துடுப்புப் போடத் தெரியாதவன்கூட அன்று வேகமாகப் போவான். திரும்பும்போதுதான் தெரியும். இதெல்லாம் நான் பிறகு கற்றது. அன்று காலை எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான். ஆறரைக்கு இறங்கியிருக்க வேண்டும். ஒன்பதரைக்கு இறங்கினோம். இருவர் உட்காரும் கயாக்கில் மூவர்.

அவன் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். முந்தின நாள் ரயிலில் புதிய பாம்பன் பாலத்தைக் கடந்தபோது அதன் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தானே, அந்த நோட்டு கரையில் என் மனைவியின் பையில் இருந்தது. ‘மாமா, கரை எத்தனை மீட்டர் இருக்கும்?’ என்று கேட்டான். திரும்பிப் பார்த்தேன். அவன் கேட்டிராவிட்டால் நான் இன்னும் சற்று நேரம் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். கரையில் நின்ற என் மனைவி விரல் உயரத்துக்கு இருந்தாள்.

படகைத் திருப்ப முயன்றேன். குறுக்காக வந்தபோது காற்று பக்கவாட்டில் அறைந்தது. நான் இடப்பக்கம் ஓங்கித் துடுப்புப் போட்டேன், அவன் பயத்தில் அதே பக்கம் சாய்ந்தான். கவிழ்ந்துவிட்டது. நான் மேலே வந்தபோது சின்னவள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருமிக்கொண்டிருந்தாள். அவன் நான்கைந்து முழம் தள்ளி. அவன் முகம் தெரியவில்லை. ஜாக்கெட் மிதந்தது, அவன் அதற்குள் இறங்கியிருந்தான். ஆரஞ்சு நிறப் பஞ்சுக்கு மேலே இரண்டு கைகள் மட்டும். அவன் கத்தவில்லை. அதுதான் இன்னமும் என்னை இரவில் எழுப்புகிறது. தண்ணீரில் தத்தளிப்பவர்கள் கத்துவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூச்சுக்கே போராடும் வாய்க்குக் கத்த நேரம் இருக்காது.

நான் முதலில் பிடித்தது என் மகளை.

இதை நீ ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டதில்லை. அவன் உன்னிடம் சொல்லியிருப்பான், சொல்லாமல் இருக்க மாட்டான். அவள் பக்கத்தில் இருந்தாள். எவராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடிப்பார். அவளைக் கவிழ்ந்த படகின் மேல் ஏற்றி, பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு நீந்திப் போய் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினேன். இடையே பத்து எண்ணும் நேரம்தான். நூறு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன், பத்துக்கு மேல் போகவில்லை. ஆனால் இடம் மாறியிருந்து, அவன் பக்கத்திலும் அவள் தூரத்திலும் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றுவிடுகிறேன். நீயும் அங்கேதான் நிற்கிறாய் என்று நினைக்கிறேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் படகைக் காணவில்லை. ஆளில்லாத கயாக்கைக் காற்று இழுத்துப்போகும் வேகத்துக்கு ஈடாக நீந்த முடியாது, அவள் எடை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு அவள் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் உன் மகன், கண்ணெதிரே என் மகள். அக்கா, அப்போது நான் அவனை விடவில்லை. இதை ஒரு நியாயமாக எழுதவில்லை. நியாயமாகவும்தான் எழுதுகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் ஒரு வள்ளம் வந்தது. முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு பிறகு எங்களிடம் வந்தார் அந்தப் பெரியவர். காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். ‘கச்சான் காலத்தில் இந்தக் கரை ஆளை ஏமாற்றும் தம்பி’ என்றார். என்னைத் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். நான் எவரையும் காப்பாற்றவில்லை என்பதுதான் அன்றைய கணக்கு.

அன்று மாலை மாமா தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அவர் தகப்பன். சொல்லும் உரிமை உண்டு.

ஆனால் தை மாதம் உன் சின்ன மகளுக்குக் காது குத்தினீர்களே, அதை எழுதுவேன். பெரியவனுக்கு என் மடியில் உட்கார வைத்துத்தானே குத்தினோம். அவன் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தான், அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். இவளுக்குச் சித்தப்பா மகன் மடி. பத்திரிகைகூட இல்லை. மண்டபத்தில் எடுத்த படம் மூன்றாவது மனிதர் வழியாக என் கைபேசிக்கு வந்தது. கூடப்பிறந்த தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு மடி தேடினாய். பிள்ளையை என் கையில் கொடுக்கப் பயம் என்றால் அது எனக்குப் புரியும். மண்டபத்துக்குள், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் மடியிலுமா பயம்? அது பயமில்லை அக்கா. அது தண்டனை. ஊரறியக் கொடுத்த தண்டனை.

சரி. அதை விடு.

நீ குரங்கணியைச் சொன்னாய். 2018 மார்ச் 11. மலையேறப் போய்க் காட்டுத் தீயில் இறந்தவர்களைச் சொல்லி, ‘அவர்களும் ஆசைப்பட்டுத்தான் போனார்கள்’ என்றாய். எனக்கு அன்று கோபம் வந்தது. அந்தத் தீக்குப் பிறகு மலையேற்றம் நின்றுவிடவில்லை, விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் வனத்துறையே நாற்பது பாதைகளைத் திறந்தது, தீப்பிடிக்கும் பருவத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள் என்று உன்னிடம் அடுக்கினேன். நான் சொன்னது எல்லாம் சரிதான். சொன்ன இடம்தான் தவறு. அவன் தலை இன்னும் ஈரமாக இருந்தது.

கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினோமே, நீயும் வந்தாயே. என் மகளுக்கு அப்போது மூன்று வயது, பாதி வழி என் முதுகில். அவன் ஒவ்வொரு படியாக எண்ணினான். ஏறும்போது எண்ணிக்கை வேறாக வந்ததால் மறுபடியும் இறங்க வேண்டும் என்று அழுதான். இருட்டில் கழிப்பறைக்குப் போகப் பயப்படும் பிள்ளை. அருவியின் சாரல் முகத்தில் அடித்தபோது அவன் கண்ணை மூடவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாய். எதுவும் பேசவில்லை. நான் எதற்காகப் பிள்ளைகளை மலைக்கும் கடலுக்கும் இழுத்துக்கொண்டு அலைகிறேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அன்று நீ கேட்கவில்லை.

கேட்கவும் முடியாது. எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நீ. தோட்டத்துக் கிணற்றில் என் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கட்டித் தள்ளிவிட்டாய். எனக்கு ஆறு வயது, உனக்குப் பன்னிரண்டு. ஒரு வாரம் கழித்து ஒன்றாக்கினாய். பிறகு ஒரு நாள், கட்டியிருக்கிறேன் என்று சொல்லிக் கட்டாமலே தள்ளினாய். நான் நீந்திப் படிக்கட்டைப் பிடித்த பிறகுதான் முதுகைத் தடவிப் பார்த்தேன். நீ மேலே நின்று சிரித்தாய். ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்றாய். இன்றுவரை சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். எனக்கு அன்று எந்த ஜாக்கெட்டும் இல்லை அக்கா. உன்னை மட்டும் நம்பித்தான் விழுந்தேன்.

அடித்தரையைத் தொட்டு மண்ணை அள்ளி வருவதில் உன்னை எந்தப் பையனும் ஜெயித்ததில்லை. அடுத்த வருடம் நீ கிணற்றில் இறங்கவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, ‘காலை உதை, காலை உதை’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன், அம்மா என்னை அடித்தார். சடங்கு முடிந்த பெண் கிணற்றில் குதிக்கக் கூடாது என்பது எனக்கு எப்போது புரிந்தது என்று நினைவில்லை. உனக்குப் புரிந்த நாள் உனக்கு நினைவிருக்கும்.

உன்னை மேலே ஏற்றினார்கள். இப்போது நீ அவனை ஏற்றியிருக்கிறாய். பள்ளியின் நீச்சல் வகுப்பிலிருந்தும் அவனை எடுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. என்மேல் உள்ள கோபத்துக்கு என்னை நிறுத்து. அவனுக்கு நீச்சலை ஏன் நிறுத்துகிறாய்? கடலுக்குக் கூட்டிப் போக வேண்டாம். ஆனால் நம் ஊரைச் சுற்றிலும் கிணறும் வாய்க்காலும் இருக்கின்றன. தண்ணீர் அவனைத் தேடி வரும். அன்று பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று உனக்கோ எனக்கோ தெரியாது.

இதை நீயே சொல்லிக் கொடு. வேறு எவரும் வேண்டாம். உன்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாங்கள் இந்த சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். அதே கரைக்கு. ஓராண்டு யோசித்து எடுத்த முடிவு, என் மனைவி ஒப்புக்கொள்ள அதில் பத்து மாதம் போயிற்று. விடிந்ததும் இறங்கி, எட்டு மணிக்குள் கரையேறிவிடுவோம். கச்சான் வீசினால் இறங்கவே மாட்டோம், மணலில் உட்கார்ந்துவிட்டு வருவோம். ஒரு படகுக்கு ஒரு பிள்ளை. முதலுதவிப் பயிற்சியில் இரண்டு நாள் உட்கார்ந்து, மூழ்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதைப் பொம்மையில் பழகினேன். பொம்மை சிறுவர் அளவில் இருந்தது. பாதியில் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தேன். கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணை என் மகள் பாட்டுப் போலச் சொல்கிறாள். அவள் ஏழெட்டு மாதம் குளிக்கும் வாளியைக் கண்டுகூட அழுதாள் என்பது உனக்குத் தெரியாது. யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சென்ற மாதம் அவளாகவே கேட்டாள், ‘அந்தத் தாத்தா வள்ளத்தைப் பார்க்கப் போகலாமா?’ என்று.

அவன் என்னிடம் பேசினானா, என்ன கேட்டான் என்பதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவனை அனுப்பு என்றும் கேட்கவில்லை.

ஜாக்கெட் இரண்டு வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் தொடைப் பட்டை உண்டு. அவற்றை வயதைப் பார்த்து வாங்கக் கூடாதாம், எடையைப் பார்த்துத்தான். ஒன்று அவளுடையது, இரண்டு முறை போட்டுப் பார்த்துத் தோளைப் பிடித்துத் தூக்கியும் பார்த்தாயிற்று. இன்னொன்று விலைச்சீட்டோடு அதே ஆணியில் தொங்குகிறது. முப்பது கிலோவரை அது தாங்கும். கடைக்காரர் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அதில் இன்னும் பதினொரு நாள் மிச்சம். என்னிடம் பேச வேண்டாம். அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பு, அவன் இப்போது எத்தனை கிலோ இருக்கிறான்?

உன் தம்பி