எமது மின் ஸ்கூட்டர் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எமது திருத்தகம் தான் விற்ற பற்றரியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றும், வாடிக்கையாளரை எம்மிடமே கட்டிப்போடுவதற்காகத்தான் அப்படிச் செய்கிறோம் என்றும் ஒரு பதிவு முகநூலில் சுற்றி வருகிறது. எம்மை நன்கறிந்தவர்களும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதனை எழுத வேண்டியதாயிற்று.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தபோது நீங்கள் வாங்கிய ஸ்கூட்டர்களில் பல, ஐந்து 12 வோல்ற் ஈயப் பற்றரிகளைத் தொடராகக் கொண்டவை. அவை தளரத் தொடங்கியதும் பலர் லிதியத்துக்கு மாறினீர்கள். இரண்டிலும் 60 வோல்ற் என்று எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. நாம் பொருத்தும் லிதியம் பற்றரியில் 16 செல்கள் தொடராக உள்ளன. ஒரு செல் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறக் கூடாது என்பதால் முழுப் பற்றரியும் 67.2 வோல்ற்றில் நின்றுவிட வேண்டும். ஈயப் பற்றரிக்கான சார்ஜரோ 73 வோல்ற் வரை தள்ளும். அதைத் தடுக்க வேண்டிய கட்டுப்பாட்டுப் பலகை தரமற்றதாக இருந்தால் செல் வீங்கும், தீயும் பிடிக்கலாம். ஆகவே, உள்ளே இருப்பது எந்தச் செல், எந்தப் பலகை என்ற விபரமே இல்லாத பெட்டியைத் திறந்து பொறுப்பேற்க எம்மால் இயலாது. விபரம் இருந்தால், எங்கே வாங்கிய பற்றரியானாலும் பார்த்துக் கொடுக்கிறோம். பதிவை எழுதியவர் இந்தப் பாதியை மட்டும் விட்டுவிட்டார்.

இத்தொழிலில் ஒரு கடை தனியே மாறுவதால் ஒன்றும் ஆவதில்லை. காற்றுப் போன பின்பும் ஓடக்கூடிய பாக்ஸ் என்ற ரயரை மிச்செலின் கொம்பனி 1990களின் பிற்பகுதியில் அறிமுகப்படுத்தியது. நல்ல ரயர்தான், ஆனால் அதைக் கழற்றிப் பூட்டத் தனிக் கருவி வேண்டியிருந்தது, அதை வாங்கப் போதிய கராஜ்கள் முன்வரவில்லை, கடைசியில் அத்திட்டமே கைவிடப்பட்டது. போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாயிருந்தபோது எமது மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வித்தை ஒரே ஒரு மெக்கானிக்கிடம் இருந்திருந்தால் யாரும் துணிந்து வண்டியை எடுத்திருக்க முடியாது. எந்தச் சந்தியில் நின்றுபோனாலும் பார்க்க ஆள் இருந்தபடியால்தான் அது நிலைத்தது.

அதனால்தான் சுன்னாகம், நெல்லியடி, கொடிகாமம் பகுதிக் கராஜ்காரர் சிலருடன் பேசி, எல்லோரும் ஒரே வகை இணைப்பியைப் பயன்படுத்துவதென்றும், செல் விபரத்தைப் பெட்டியின் மேல் ஒட்டுவதென்றும் இணங்கியுள்ளோம். எம்மைக் கட்டிப்போடுபவர் என்று சொல்பவர்கள், எமது பற்றரியை வேறு கராஜில் திறக்கும்படி நாமே வழி செய்திருப்பதையும் கவனிக்க வேண்டும். எமக்குப் பற்றரி தரும் கொழும்பு இறக்குமதியாளர் இன்னும் அந்த விபரத்தை அச்சிட்டு அனுப்பவில்லை. அதுவரை எமது பையன்களே கையால் எழுதி ஒட்டுகிறார்கள். அவர்களிலும் நன்கு பழகிய இருவர் வெளிநாடு போய்விட்டபடியால் வேலை சற்றுத் தாமதமாகிறது.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்பும் எம்மைக் கைவிடாதவர்களுக்கும், பதிவின் கீழ் எமக்காக வாதாடியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. வரும் மாதம் முதல் புதிய பற்றரிகளுக்கான உத்தரவாதம் 12 மாதங்களுக்குப் பதிலாக 6 மாதங்களாக இருக்கும்.

திருத்த வரும்போது ஸ்கூட்டரை மட்டுமன்றி, வீட்டில் பாவிக்கும் சார்ஜரையும் தவறாமல் கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
உரிமையாளர்,
யாழ்ப்பாணம்